டென்ஷன், ட்ரை, ப்ராப்ளம்

ஏழு சொற்கள்

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டைக்கு அருகே சாலைக் கடைத்தெரு இருக்கிறது. அரிசி, பருப்பு, மிளகாய், பாத்திரம், துணி, பூ எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தத் தெருவில் மலையாளமும் கேட்கும். தமிழும் கேட்கும்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சிறிய கூடம். அங்கே மாலை 7 மணிக்கு எழுத்தறிவு வகுப்பு நடக்கும். பூ விற்கும் அக்கா வருவார். சித்தாள் வேலை செய்யும் இரண்டு பெண்கள் வருவார்கள். இளநீர் விற்கும் அண்ணன் வருவார். 70 வயதுப் பாட்டி ஒருவரும் வருவார். எல்லோரும் இப்போது எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள்.

அன்று ஓணத்துக்கு முந்திய வாரம். பூக்கார அக்கா தாமதமாக வந்தார். வந்ததும் மூச்சு வாங்கச் சொன்னார்.

"இன்னைக்கு ஒரே டென்ஷன் டீச்சர். பூ வர்ற வேன் லேட். அதனால கடைக்காரரோட ப்ராப்ளம். போன் ட்ரை பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். யாரும் எடுக்கலை."

ஆசிரியை சிரித்தார். "அக்கா, உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமா?" என்று கேட்டார்.

"ஐயோ, எனக்கு எங்கே தெரியும்! இப்பத்தான் தமிழே படிக்கிறேன்."

ஆசிரியை கரும்பலகையில் எழுதினார்: டென்ஷன், டீச்சர், வேன், லேட், ப்ராப்ளம், போன், ட்ரை.

"ஒரே மூச்சில் ஏழு ஆங்கிலச் சொற்கள் பேசினீர்கள்!"

"டீச்சரும் ஆங்கிலமா?" என்று பாட்டி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஏழில் நான்கு சொற்கள் பொருளையோ, ஆளையோ, நேரத்தையோ சொல்பவை. வேன், போன், டீச்சர், லேட். இவற்றால் குழப்பம் இல்லை. மீதி மூன்றும் வேறு வகை. டென்ஷன், ப்ராப்ளம், ட்ரை. இவை நம் கஷ்டத்தையும் முயற்சியையும் சொல்பவை. இவற்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏன் என்று இந்தப் பாடம் சொல்லும்.

இந்தச் சொற்கள் எப்படி வந்தன?

திருவனந்தபுரத்துத் தமிழர் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தெருவில் மலையாளம் பேசுகிறார்கள். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் ஆங்கிலம் கலந்து கேட்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் தோவாளையும் திருவனந்தபுரத்தோடு ஒரே ராஜ்யத்தில் இருந்தன. இன்றும் தோவாளைச் சந்தைப் பூ இங்கே வருகிறது. பூவோடு தமிழும் வருகிறது.

இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள் நிறைய உண்டு. ஆனால் சில சொற்கள் ஏமாற்றும். தமிழில் 'மெனக்கெடுதல்' என்றால் சிரமம் எடுத்துச் செய்தல். "மெனக்கெட்டு வந்து பார்த்தாரே" என்று பாராட்டுவோம். மலையாளத்தில் 'மெனக்கேடு' என்றால் தொந்தரவு. 'புத்திமுட்டு' என்று மலையாளத்தில் சொன்னால் கஷ்டம் என்று பொருள். புதிதாக வந்த தமிழருக்கு அது புரியாது.

'ப்ராப்ளம்' என்றால் இருவருக்கும் புரிகிறது. அதனால் அந்தச் சொல் இரண்டு பேர் வாயிலும் எளிதாக உட்கார்ந்துவிட்டது. அதில் தவறு இல்லை. எல்லா மொழியும் கடன் வாங்கும். ஆனால் கடன் வாங்கிய சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

ட்ரை

'ட்ரை' என்றால் முயற்சி. செய்து பார்ப்பது. அவ்வளவுதான். செய்து முடிப்பேன் என்ற வாக்கு அதில் இல்லை.

செல்போனில் ஆங்கிலத்தில் ஒரு குரல் பேசும். "நீங்கள் ட்ரை செய்யும் எண் இப்போது பிஸி" என்று சொல்லும். அதன் பொருள் என்ன? நீங்கள் முயன்றீர்கள். பேச்சு நடக்கவில்லை.

சித்தாள் வேலை செய்யும் அக்கா ஒருவருக்கு நான்கு நாள் கூலி பாக்கி. மேஸ்திரியிடம் கேட்டார்.

"நாளைக்கு ட்ரை பண்றேன் அக்கா" என்றார் மேஸ்திரி.

அக்கா மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனார். மளிகைக் கடையில் "நாளைக்குப் பணம் தருகிறேன்" என்று சொன்னார். மறுநாள் கூலி வரவில்லை. கேட்டபோது மேஸ்திரி சொன்னார்: "நான் தரேன்னு சொல்லலையே. ட்ரை பண்றேன்னுதானே சொன்னேன்."

மேஸ்திரி சொன்னது பொய் இல்லை. ஆனால் அக்கா கேட்டது வேறு. அவர் காதில் விழுந்தது வாக்கு. மேஸ்திரி வாயில் வந்தது முயற்சி.

இதைப் பற்றி வகுப்பில் பேசினார்கள். அடுத்த முறை எப்படிக் கேட்பது?

"ட்ரை பண்றது இருக்கட்டும் அண்ணே. எந்த நாள் தருவீங்க? எவ்வளவு தருவீங்க?"

அக்கா அப்படியே கேட்டார். மேஸ்திரி யோசித்தார். "சனிக்கிழமை பாதி. மீதி அடுத்த சனிக்கிழமை" என்றார். அக்கா அதைத் தன் நோட்டில் எழுதினார். மேஸ்திரி பார்க்கும்படி எழுதினார். வேலை செய்த நாள்களையும் எழுதி வைத்தார். சனிக்கிழமை பாதிக் கூலி வந்தது.

'ட்ரை' கெட்ட சொல் அல்ல. பெரிய காரியம் எல்லாம் முயற்சியில்தான் தொடங்கும். ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா என்று ஒருவர் இருந்தார். சிறு வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. கேரள எழுத்தறிவு இயக்கத்தின் 'அக்ஷரலக்ஷம்' தேர்வை 2018இல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 96. 100க்கு 98 மதிப்பெண் வாங்கினார். 2020இல் குடியரசுத் தலைவரிடம் நாரி சக்தி விருது பெற்றார். 2023இல் காலமானார். அவர் 'ட்ரை பண்றேன்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நோட்டைத் திறந்தார். எழுதினார்.

இதைக் கேட்டதும் பாட்டி சொன்னார்: "அப்ப நான் சின்னப் பொண்ணுதான்!"

ஹார்டு, ஹார்ட்லி, ஹார்ட்

இந்த மூன்று சொல்லும் கேட்க ஒன்று போல இருக்கும். பொருள் வேறு வேறு.

'ஹார்டு' என்றால் கடினம். 'ஹார்டு வொர்க்' என்றால் கடின உழைப்பு.

'ஹார்ட்' என்றால் இதயம். 'ஹார்ட் அட்டாக்' என்றால் மாரடைப்பு.

'ஹார்ட்லி' என்றால் என்ன? பலர் இதைக் 'கடினமாக' என்று நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. 'ஹார்ட்லி' என்றால் 'ஏறக்குறைய இல்லை' என்று பொருள்.

இளநீர் விற்கும் அண்ணனின் மகன் ஒரு கடையில் வேலை கேட்கப் போனான். அங்கே ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவன் தைரியமாகச் சொன்னான்: "ஐ வொர்க் ஹார்ட்லி." நன்றாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்தான். கேட்டவர் சிரித்துவிட்டார். 'நான் வேலையே செய்வதில்லை' என்பது போல அது அவர் காதில் விழுந்தது.

ஏன் இந்தத் தவறு வருகிறது? ஆங்கிலத்தில் பல சொற்களோடு 'லி' சேர்ப்பார்கள். 'ஸ்லோ' என்றால் மெதுவான. 'ஸ்லோலி' என்றால் மெதுவாக. அதே போல 'ஹார்டு' என்பதோடும் 'லி' சேர்க்கலாம் என்று தோன்றும். ஆனால் அங்கே பொருள் மாறிவிடும். "ஐ வொர்க் ஹார்டு" என்பதுதான் சரி.

மகன் வெட்கப்பட்டு வீட்டுக்கு வந்தான். அப்பா அவனிடம் சொன்னார்: "நீ பேசின இங்கிலீஷை நான் பேசியிருப்பேனா? தப்பைத் தெரிஞ்சுக்கிட்டே இல்ல. இனி சரியாச் சொல்லு." வீட்டில் பிள்ளைகள் படித்தால் இதை அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

ட்ரபிள்

'ட்ரபிள்' என்றால் தொந்தரவு, தொல்லை. "சாரி ஃபார் த ட்ரபிள்" என்றால் "தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும்" என்று பொருள்.

இந்தச் சொல்லின் பழைய கதை அழகானது. இது லத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதன் பொருள் தண்ணீரைக் கலக்குவது. தெளிந்த தண்ணீர் கலங்கினால் அடி தெரியாது. தமிழிலும் அப்படித்தான் சொல்கிறோம். "குளம் கலங்கியது" என்போம். "மனம் கலங்கியது" என்றும் சொல்வோம். எங்கோ தூரத்து மக்களும் நாமும் மனக் கவலையைக் கலங்கிய தண்ணீராகவே பார்த்திருக்கிறோம்.

ரயில் நிலையத்தில் அறிவிப்பு கேட்டிருப்பீர்கள். ரயில் தாமதமானால் ஆங்கிலத்தில் 'இன்கன்வீனியன்ஸ்' என்று ஒரு நீளமான சொல் வரும். அதன் பொருள் அசௌகரியம். "உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்பதே அந்த அறிவிப்பு.

திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையத்தில் நாகர்கோவில் ரயிலுக்கு ஒரு அம்மா காத்திருந்தார். அந்த நீளமான சொல்லைக் கேட்டு ரயிலே இல்லை என்று நினைத்தார். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ரயில் 40 நிமிடம் தாமதம். அவ்வளவுதான். வருத்தம் சொல்வது மரியாதை. ஆனால் நமக்குத் தேவை இரண்டு விவரம். எவ்வளவு நேரம் தாமதம்? எந்த நடைமேடை? விசாரணை இடத்தில் கேட்கலாம். 139 என்ற எண்ணில் போன் செய்தும் கேட்கலாம்.

லேபர்

ஆஸ்பத்திரியில் 'லேபர் ரூம்' என்று பலகை இருக்கும். சித்தாள் அக்கா அதைப் பார்த்திருக்கிறார். ஆங்கில எழுத்து தெரியாது. யாரோ படித்துச் சொன்னார்கள். 'லேபர்' என்றால் கூலி வேலை செய்பவர் என்று அவருக்குத் தெரியும். 'லேபர் ஆபீஸ்' என்றால் தொழிலாளர் அலுவலகம். ஆகவே ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஆட்கள் ஓய்வெடுக்கும் அறை என்று நினைத்தார். அது பிரசவ அறை.

ஆங்கிலத்தில் உழைப்புக்கும் பிரசவ வலிக்கும் ஒரே சொல். அது லேபர். வகுப்பில் இதைச் சொன்னதும் பாட்டி தலையை ஆட்டினார்.

"சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க. நான் அஞ்சு பெத்தேன். அதைவிடப் பெரிய வேலை எது?"

தமிழிலும் உழைப்பும் வலியும் அக்கம்பக்கம் இருக்கின்றன. "கஷ்டப்பட்டுப் படித்தான்" என்கிறோம். அதில் வருத்தமும் இருக்கிறது. உழைப்பும் இருக்கிறது. "பாடுபட்டான்" என்பதும் அப்படியே.

அட்ஜஸ்ட்

பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆள் வருவார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்பார். எல்லோரும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். நல்ல பழக்கம்தான்.

ஆனால் கவனியுங்கள். பஸ்ஸில் எல்லோரும் நகர்ந்தார்கள். வீட்டிலும் வேலையிலும் எப்படி? கூலி குறைந்தால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." சாப்பாடு குறைந்தால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." ஒரே ஆள் எப்போதும் நகர்ந்துகொண்டே இருந்தால் ஒரு நாள் இருக்கையிலிருந்து கீழே விழுவார். அப்போது கேட்க வேண்டும்: "நான் நகர்ந்தேன். நீங்கள் எவ்வளவு நகர்ந்தீர்கள்?"

டென்ஷன்

இனி முக்கியமான சொல்லுக்கு வருவோம்.

'டென்ஷன்' என்றால் இழுபடும் விறைப்பு. கொடியில் ஈரத்துணி போடுங்கள். கயிறு விறைத்து நிற்கும். அந்த விறைப்புக்குப் பெயர் டென்ஷன். மனம் அப்படி விறைத்து நின்றால் அதையும் டென்ஷன் என்கிறோம். கவலை, பதற்றம், எரிச்சல், பயம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு சொல் உண்டு. அது 'ஹைப்பர்டென்ஷன்'. இது மனக் கவலையின் பெயர் அல்ல. இது இரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கும் நோயின் பெயர். பி.பி. என்று நாம் சொல்வது இதைத்தான். இரண்டு சொல்லிலும் 'டென்ஷன்' இருக்கிறது. அதனால் பலர் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். இந்த நினைப்பு உயிருக்கே ஆபத்து.

பூக்கார அக்காவின் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குபவர். மாசி மாதம் ஒரு முகாமில் பி.பி. பார்த்தார்கள். 168/102 இருந்தது. இன்னொரு நாள் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. டாக்டர் 'ஹைப்பர்டென்ஷன்' என்று சொன்னார். தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவர் காதில் 'டென்ஷன்' மட்டும் விழுந்தது. "ஆமா, மகள் கல்யாணம் இருக்கு. டென்ஷன் இருக்கத்தானே செய்யும்" என்றார். மாத்திரை சாப்பிட்டார். வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. "இனி எனக்கு என்ன டென்ஷன்?" என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் ஆகிவிட்டது. தலைவலி இல்லை. மயக்கம் இல்லை. மூட்டை தூக்குகிறார். எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்தார்.

வகுப்பில் ஆசிரியை இரண்டு சொல்லையும் எழுதி விளக்கினார். பூக்கார அக்கா எழுதுவதை நிறுத்தினார். முகம் மாறியது.

"டீச்சர், டென்ஷன் போனா அந்த பி.பி.யும் போகாதா?"

"போகும் என்று நம்ப முடியாது அக்கா. கவலை இல்லாதவருக்கும் பி.பி. இருக்கலாம். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்."

அன்று இரவு வீட்டில் நடந்த பேச்சு இது.

அக்கா: மாத்திரை எங்கே வச்சிருக்கீங்க?

கணவர்: அது எதுக்கு இப்ப? எனக்கு டென்ஷன் எதுவும் இல்லை.

அக்கா: அது மனசு டென்ஷனுக்குக் கொடுத்த மாத்திரை இல்லை. இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்தது. ரெண்டும் வேற.

கணவர்: யார் சொன்னது?

அக்கா: வகுப்பில சொன்னாங்க. நான் சொல்றதை நம்ப வேண்டாம். நாளைக்குப் போய் அளந்து பார்ப்போம். குறைவா இருந்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

மகள்: அப்பா, போயிட்டு வாங்க. நானும் வரேன்.

மறுநாள் காலை மூவரும் அருகில் இருந்த அரசு சுகாதார மையத்துக்குப் போனார்கள். நர்ஸ் அவரைச் சிறிது நேரம் உட்கார வைத்தார். பிறகு கையில் பட்டையைக் கட்டி அளந்தார். 172/104.

அவர் நம்பவில்லை. "எனக்கு ஒண்ணும் செய்யலையே!" என்றார்.

நர்ஸ் பொறுமையாகச் சொன்னார்: "ஒண்ணும் செய்யாத மாதிரிதான் இருக்கும் அண்ணா. உள்ளே இரத்தக் குழாய் கெட்டுக்கொண்டே போகும். பக்கவாதம் வரலாம். மாரடைப்பு வரலாம். சிறுநீரகம் கெடலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. குறைப்பதோ மாற்றுவதோ டாக்டர்தான் சொல்ல வேண்டும்."

டாக்டர் மீண்டும் மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். புகையிலையை விடச் சொன்னார். திரும்பி வரும் வழியில் அவர் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்: "அந்த நோட்டில தேதி எழுதி வை. நான் மறந்துடுவேன்."

இப்போது அக்கா தன் நோட்டில் இரண்டு எண்களையும் எழுதுகிறார். மேலே உள்ள எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழே உள்ள எண் இதயம் விரியும்போது உள்ள அழுத்தம். 120/80க்குக் கீழே இருந்தால் நல்லது. 140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப இருந்தால் டாக்டர்கள் அதை நோய் என்கிறார்கள். ஒரு மாதத்தில் அவர் கணவருக்கு 138/88 வந்தது.

மனசு டென்ஷன் என்றால்?

மனக் கவலையும் சிறிய விஷயம் அல்ல. ஆனால் "டென்ஷனா இருக்கு" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு அளவு தெரியாது. பஸ் தாமதமானாலும் டென்ஷன் என்கிறோம். பத்து நாள் தூங்காமல் இருந்தாலும் டென்ஷன் என்கிறோம். இரண்டும் ஒன்றா?

அதனால் விவரமாகச் சொல்ல வேண்டும். "பத்து நாளாகத் தூக்கம் இல்லை." "சாப்பாடு இறங்கவில்லை." "காரணம் இல்லாமல் அழுகை வருகிறது." "வாழவே பிடிக்கவில்லை." இப்படிச் சொன்னால் கேட்பவருக்குப் புரியும். உதவியும் கிடைக்கும்.

இதற்காகவே அரசின் 'டெலி மானஸ்' என்ற சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை. இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.

ப்ராப்ளம்

பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கிலக் கணக்குப் புத்தகத்தில் 'ப்ராப்ளம்' என்று இருக்கும். அங்கே அதன் பொருள் கணக்கு. விடை கண்டுபிடிக்க வேண்டிய கேள்வி. கணக்கைப் போட வேண்டுமானால் விவரம் வேண்டும். "ஒரு கடையில் தேங்காய் இருக்கிறது. மொத்த விலை என்ன?" என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? எத்தனை தேங்காய், ஒன்று என்ன விலை என்று தெரிய வேண்டும்.

வாழ்க்கைக் கஷ்டமும் அப்படித்தான். "ஒரு ப்ராப்ளம்" என்று மட்டும் சொன்னால் யாராலும் தீர்க்க முடியாது. ஆசிரியை கரும்பலகையில் நான்கு கேள்விகள் எழுதினார்.

1. என்ன?
2. எங்கே?
3. எப்போதிலிருந்து?
4. எவ்வளவு?

பிறகு எல்லோரும் பழகினார்கள்.

"குடிதண்ணீர் ப்ராப்ளம்" என்றார் இளநீர் அண்ணன். நான்கு கேள்விக்கும் பதில் சேர்த்தார். அது இப்படி ஆனது: "எங்கள் தெருவில் கடைசி ஐந்து வீட்டுக்குத் திங்கள்கிழமை முதல் குழாயில் தண்ணீர் வரவில்லை." இதை அப்படியே மனுவில் எழுதலாம்.

"வயிறு ப்ராப்ளம்" என்றார் சித்தாள் அக்கா. அது இப்படி ஆனது: "வலது பக்கம் அடிவயிற்றில் நேற்று இரவிலிருந்து வலி. நிற்க முடியவில்லை." இதை டாக்டரிடம் சொல்லலாம்.

அவசர நேரத்திலும் இதே முறைதான். 112 என்ற எண்ணை அழைத்தால் முதலில் "எங்கே?" என்றும் "என்ன?" என்றும் கேட்பார்கள். பயத்தில் "சீரியஸ், சீரியஸ்" என்று மட்டும் கத்தினால் வண்டி எங்கே வரும்?

மறுநாள் வகுப்பு

ஓணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மாலை 7 மணி. பூக்கார அக்கா வேகமாக உள்ளே வந்தார்.

"டீச்சர், இன்னைக்கும் ஒரே டென்..." என்று தொடங்கினார். நிறுத்தினார். கரும்பலகையைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"தோவாளையில இருந்து வர்ற வேன் நெய்யாற்றின்கரையில நிக்குது. டயர் வெடிச்சிருக்கு. ஆறு மணியில இருந்து நிக்குது. அதில என் பூ ஆறு கூடை இருக்கு. ராத்திரி 9 மணிக்குள்ள வரலைன்னா பூக்களம் போடுறவங்க வேற கடைக்குப் போயிடுவாங்க."

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. சித்தாள் அக்கா எழுந்தார்.

"நெய்யாற்றின்கரையா? என் தம்பி பாலராமபுரத்தில சரக்கு ஆட்டோ ஓட்டுறான். ஆறு கூடை தாராளமாப் பிடிக்கும். இதோ கூப்பிடுறேன். நேத்தும் வேன் நின்னுதே, ஏன் சொல்லலை?"

"நேத்து நான் டென்ஷன்னு மட்டும்தானே சொன்னேன்!" என்றார் பூக்கார அக்கா.

8:40க்குப் பூ சாலைத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. மல்லி, பிச்சி, அரளி, கேந்தி, வாடாமல்லி. ஒரு கூடை மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது.

சொற்பொருள்

ட்ரை – முயற்சி
டென்ஷன் – விறைப்பு, மனப் பதற்றம்
ஹைப்பர்டென்ஷன் – உயர் இரத்த அழுத்தம்
ப்ராப்ளம் – சிக்கல், கணக்கு
ட்ரபிள் – தொந்தரவு
அட்ஜஸ்ட் – அனுசரித்தல்
லேபர் – உழைப்பு, பிரசவ வலி
ஹார்டு – கடினம்
ஹார்ட்லி – ஏறக்குறைய இல்லை

பயிற்சி

1. 'டென்ஷன்', 'ஹைப்பர்டென்ஷன்' இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

2. பூக்கார அக்காவின் கணவர் ஏன் மாத்திரையை நிறுத்தினார்? அவர் செய்த தவறு என்ன?

3. "நாளைக்கு ட்ரை பண்றேன்" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் திரும்ப என்ன கேட்பீர்கள்? இரண்டு கேள்வி எழுதுங்கள்.

4. இன்று நீங்கள் பேசிய ஆங்கிலச் சொற்களில் ஐந்தை எழுதுங்கள். அவற்றுக்குத் தமிழில் பொருள் எழுதுங்கள்.

5. உங்கள் தெருவில் உள்ள ஒரு கஷ்டத்தை 'ப்ராப்ளம்' என்ற சொல் இல்லாமல் இரண்டு வரியில் எழுதுங்கள். என்ன, எங்கே, எப்போதிலிருந்து, எவ்வளவு என்ற நான்கு கேள்விக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்.

6. உங்கள் வீட்டில் 30 வயதைத் தாண்டியவர்கள் கடைசியாக எப்போது பி.பி. பார்த்தார்கள்? கேட்டு, பெயரும் தேதியும் நோட்டில் எழுதுங்கள். பார்க்காதவர்களை இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.